சுவர்ணமுகி கடலில் சேரும் இடத்தில் ஒரு போர்வெல்

காலை ஐந்தரை மணிக்கு சித்தூர் பஸ் நிலையத்தில் திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். புரட்டாசி சனிக்கிழமை. நிற்க இடமில்லை. ஒரு பெரியவரின் காலை மிதித்து, அவர் திட்டியதையும் வாங்கிக்கொண்டு, ஜன்னலோரம் ஒரு சீட்டைப் பிடித்துவிட்டேன். நடத்துநர் வந்து ஆதார் அட்டையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். பூஜ்யம் என்று அச்சடித்த டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஆந்திராவில் இப்போது பெண்களுக்கு பஸ்ஸில் காசு இல்லை. கிளம்பும்போது என் வீட்டுக்காரர் அதையே சொல்லிக் குத்திக்காட்டினார்: "ஓசின்னதும் தம்பி ஞாபகம் வந்துடுச்சா?"

ஓசிக்காக நான் கிளம்பவில்லை. என் தம்பி ஏழுமலை புதிதாக போர் போடுகிறான். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி துளையிட ஆரம்பிக்கும் முன்னால், வீட்டில் பிறந்த மூத்த பெண் அந்த இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பலமனேர் பக்கத்து எங்கள் நிலத்தில் எங்கள் அப்பா, நைனா, போர் போட்ட போதெல்லாம் நான்தான் ஊற்றினேன். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து ஊற்றவைத்தார். சித்தூரில் கட்டிக்கொடுத்த பிறகும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நான் ஊற்றிய போர்களில் பாதிக்கு மேல் வெறும் தூசிதான் பறந்தது. ஆனாலும் என் கை ராசி என்று ஏழுமலைக்கு ஒரு நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வருகிறது, நீ வந்தே ஆகவேண்டும் என்று போனில் பிடிவாதமாக நின்றான்.

அவன் இருப்பது பலமனேரில் இல்லை. திருப்பதி மாவட்டத்தின் கடலோர மூலையில், வாகாட்டுக்குக் கிழக்கே, சுவர்ணமுகி ஆறு கடலில் விழுகிற மணல்காட்டில். ஊர்ப் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். எழுதவில்லை.

பாகாலா தாண்டியதும் விடிந்துவிட்டது. ரோட்டோரம் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு திருமலைக்கு நடக்கிற கூட்டம் எறும்புச்சாரி மாதிரி போய்க்கொண்டிருந்தது. வேலூர், ஆரணிப் பக்கத்து ஜனங்கள். வலப்பக்கம் இடப்பக்கம் எல்லாம் மொட்டைப் பாறைக் குன்றுகள். இந்தக் குன்றுகளில்தான் சுவர்ணமுகி பிறக்கிறது என்பார்கள். பிறக்கிற இடத்தில் அதைப் பார்த்தால் ஆறு என்று யாரும் சொல்லமாட்டார்கள். மழை பெய்த வாரம் ஓடும், மறுவாரம் ஆட்டுக்குட்டி மேயும்.

மேட்டு நிலத்துக்காரர்கள் நாங்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் அது கீழேதான். கிணறு வற்றினால் கிணற்றுக்குள் போர். அது வற்றினால் வெளியே போர். முந்நூறு அடியில் ஆரம்பித்து ஆயிரம் அடியைத் தாண்டிப் போய்விட்டோம். தூசி பறக்கும்போதெல்லாம் நைனா ஒரே வார்த்தைதான் சொல்வார்: "இன்னும் நூறு அடி ஓட்டுப்பா." கடைசியாக அவர் ஓட்டச் சொன்ன அந்த நூறு அடியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. நைனா அந்தச் சேற்றில் உட்கார்ந்து அழுதார். அப்போது ஏழுமலைக்கு மீசை முளைக்காத வயசு. அது அவன் மனசில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

அந்த போரும் சில வருடத்தில் வற்றியது. நைனாவும் போய்ச் சேர்ந்தார். தக்காளி போட்டுப் போட்டு அலுத்துப்போன ஏழுமலை தன் பங்கை விற்றுவிட்டு, தரகர் ஒருவர் பேச்சைக் கேட்டு இந்தக் கடலோரத்தில் நிலம் வாங்கினான். வாங்கிய அன்று எனக்கு போன் செய்தான். "அக்கா, இங்க கையால தோண்டினா தண்ணி வருதுக்கா. முழங்கை ஆழம்தான். இனிச்சுக்கினு கீது!" பேச முடியாமல் அழுதான். நானும் அழுதேன். எங்கள் வம்சத்தில் யாருக்கும் தண்ணீர் அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில்லை.

எட்டு மணிக்குத் திருப்பதி. பஸ் நிலையம் முழுக்க மொட்டைத் தலைகளும் லட்டு வாசனையும். நான்கு இட்லி, ஒரு காபி அறுபத்தைந்து ரூபாய். சட்னியில் தேங்காயைத் தேடவேண்டியிருந்தது. எட்டே முக்காலுக்கு நாயுடுபேட்டை பஸ். எழுபது கிலோமீட்டர் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவள் நகரிக்காரி, வீட்டில் பவர்லூம் ஓட்டுகிறவர்கள். நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பெரிய டப்பா நிறைய சீயக்காய்த் தூள்.

"இவ்வளவு எதுக்கும்மா?" என்றேன்.

"அங்க ஹாஸ்டல் தண்ணில ஷாம்பூ நுரைக்கவே மாட்டேங்குதாம். தலை சடை புடிச்சுக்கினு, வாரினா கொத்துக் கொத்தா வருதாம். போன்ல அழுவுது. சீயக்காய்க்காவது கேக்குதான்னு பாக்கலாம்."

"எங்க தம்பி ஊர்ல தண்ணி இனிக்கும்" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எந்த ஊரு?" என்றாள். வாகாடு என்றதும் டப்பாவின் மூடியை ஒருதரம் இறுக்கி மூடிக்கொண்டாள்.

காளஹஸ்தியில் பஸ் சுவர்ணமுகியைக் கடந்தது. கோபுரம் தெரிந்ததும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டு கீழே பார்த்தேன். அகலமான ஆறு, கரைக்குக் கரை மணல். ஓர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், அதில் எருமைகள். நாயுடுபேட்டையில் இறங்கி வாகாடு பஸ்ஸைப் பிடிக்க முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். புரட்டாசியில் இப்படி ஒரு வெயிலா! வடகிழக்குப் பருவமழை வரும் முன்னால் இந்தப் பக்கம் இப்படித்தான் காயும் என்றார் டீக்கடைக்காரர். பதினைந்து ரூபாய் டீயில் ஓர் உவர்ப்பு இருந்தது. பால் கெட்டுப்போச்சோ என்று நினைத்தேன்.

வாகாடு வரைக்கும் முப்பது கிலோமீட்டர் சொச்சம். முதலில் நெல் வயல், பனை, அங்கங்கே எலுமிச்சைத் தோப்பு. பிறகு சவுக்குக் காடு. அதன் பிறகு தரை தட்டையாகிக்கொண்டே போய், வயல் இருக்கவேண்டிய இடத்தில் கரைகட்டிய குட்டைகள். குட்டை நடுவே சக்கரங்கள் சுழன்று தண்ணீரை வாரி அடித்துக்கொண்டிருந்தன. இறால் குட்டைகள். தெலுங்கில் ரொய்யல குண்ட. குட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட வயல்களில் பயிரில்லை. மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது.

வாகாட்டில் ஷேர் ஆட்டோ. நாற்பது ரூபாய். ஆட்டோக்காரர் என் பையைப் பார்த்து, ஊர் பேர் கேட்டுவிட்டு, தெலுங்கில் சொன்னார்: "அம்மா, இங்கேயே தண்ணி வாங்கிக்கங்க. அங்க கிடைக்காது."

"எங்க தம்பி வீடு இருக்கு" என்றேன்.

"வீடு இருக்கும்மா. நான் தண்ணியைச் சொல்றேன்."

ஒன்றரை மணிக்கு ஏழுமலை வீட்டு வாசலில் இறங்கினேன்.

ஏழுமலை இளைத்துப் பாதியாகி இருந்தான். அவன் மனைவி வசந்தா சின்னக் குரலில் "வாங்க அண்ணி" என்று சொல்லி, இருபது லிட்டர் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நல்ல தண்ணீர். ஆட்டோக்காரனை மனசுக்குள் திட்டிவிட்டுக் கால் கழுவப் பின்பக்கம் போனேன். குழாயைத் திறந்து முகத்தில் அடித்துக்கொண்டதும் உதட்டில் பட்டது. கடல் தண்ணீர் அளவுக்கு இல்லை. உப்பு அதிகமாகப் போய்விட்ட ரசம் அளவுக்கு இருந்தது. குழாய் மூக்கில் சுண்ணாம்பு பூசின மாதிரி கெட்டியாகப் படிந்திருந்தது.

"ஏழுமலை, இன்னாடா இது?"

"அதுக்குத்தாங்கா உன்னக் கூப்ட்டேன்" என்றான். "மொதல்ல துன்னு. அப்புறம் காட்றேன்."

சாப்பிட்டதும் நிலத்துக்குக் கூட்டிப்போனான். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நிலக்கடலைச் செடி முழங்கால் உயரம் இருக்கவேண்டிய காலத்தில் சாண் உயரம் நின்றது. இலைகளின் ஓரமெல்லாம் தீயில் வாட்டின மாதிரி கருகி இருந்தது. வரப்பு முழுக்க வெள்ளையாக உப்புப் பூப்பு. நிலத்தின் நடுவே அவன் வந்த வருடம், அவசரத்தில் என்னைக் கூப்பிடாமலே போட்ட போர்.

"கையால தோண்டினா தண்ணி வருதுன்னு சொன்னியே, அப்புறம் எதுக்கு போர் போட்ட?"

அவன் என்னை வினோதமாகப் பார்த்தான். "மேல் தண்ணிய நம்பி யாராவது வெள்ளாமை பண்ணுவாங்களாக்கா? இங்க எல்லாரும் பதினஞ்சு, இருபது அடில குழாய் எறக்கி, ஃபில்டர் பாயிண்டுன்னு சொல்லிக்கினு, அர மணி நேரம் ஓட்டறதும் நிறுத்தறதுமா இருந்தாங்க. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. மேல் தண்ணி ஏமாத்தும். அடித் தண்ணிதான் நெஜம். நைனா சொல்வாரு இல்ல?"

நைனா சொல்வார்தான். நானும் தலையாட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவன் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

இருநூற்றைம்பது அடிக்கு ஓட்டியிருக்கிறான். நடுவில் கெட்டியான களிமண் அடுக்கு ஒன்று வந்ததாம். அதைத் துளைத்துக்கொண்டு போனதும் தண்ணீர் பொங்கி வந்ததாம். பகலில் கரன்ட் இருக்கிற நேரமெல்லாம் மோட்டார் ஓடியது. முதல் வருடம் நல்ல விளைச்சல். இரண்டாம் வருடம் தண்ணீர் கொஞ்சம் கரித்தது. இப்போது இப்படி.

"இறால் குட்டைக்காரங்க பண்ற வேலைக்கா. அந்த உப்பு மண்ணுல எறங்குது. அதுக்குக் கீழ போயிட்டா தப்பிச்சுக்கலாம். ஐந்நூறு அடி ஓட்டப் போறேன்."

"பக்கத்து நிலத்துக்காரங்க இன்னா சொல்றாங்க?"

அவன் முகம் மாறியது. "ரமணம்மா கீது இல்ல, வேலிக்கு அந்தாண்ட, அது என்னாலதான் உப்பாச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுது. நாங்க பேசறதில்ல."

சாயங்காலம் ஐந்து மணிக்கு வசந்தா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாக நழுவுவதைப் பார்த்தேன். நானும் கூடப் போனேன். சவுக்குத் தோப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு மணல் மேட்டுக்கு வந்தோம். அங்கே ஒரு குழி. கிணறு என்று சொல்ல முடியாது. கரைகள் சரிவாக இறங்க, அடியில் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர். இந்தக் கடலோரத்தில் இதற்கு தொருவு என்று பேர். மேட்டு மணலில் விழுந்த மழை கீழே உள்ள உப்புத் தண்ணீரோடு சேராமல் மேலாக நிற்கும். அதைச் சிந்தாமல் சிதறாமல் மொண்டுகொள்ளவேண்டும்.

"இது ரமணம்மாவோடது அண்ணி" என்றாள் வசந்தா. "தெருவே இதுலதான் குடிக்கிறாங்க. கேன் வண்டி இந்தப் பக்கம் ஒழுங்கா வராது. நான் தெனமும் இங்கருந்து எடுத்துப்போய் கேன்ல ஊத்தி வச்சிடுவேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா குடிக்கமாட்டாரு."

"ரமணம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"மொத நாள் மொறைச்சாங்க. அப்புறம் விட்டுட்டாங்க."

குடத்தை நான் வாங்கிக்கொண்டேன். வந்த வீட்டில் சும்மா உட்கார எனக்குப் பிடிக்காது. குழிக்குள் இறங்கி, எங்கள் ஊர்க் கிணற்றில் செய்கிற மாதிரி குடத்தைக் கவிழ்த்து ஓங்கி ஒரு முக்கு முக்கினேன். குடம் அடிவரைக்கும் போய் மணலில் இடித்தது. குமிழிவிட்டு நிறைந்தது. மேலிருந்து வசந்தா "அண்ணி, வேணாம்!" என்று கத்தியது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.

அவளுக்குப் பின்னால் இன்னொரு அலறல். முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் அலுமினியக் கிண்ணத்தோடு ஒருத்தி சரிவில் ஓடிவந்தாள். அவள்தான் ரமணம்மா. சூளூர்பேட்டையில் பிறந்தவள், தமிழும் தெலுங்குமாகக் கலந்து பேசினாள்.

"அய்யய்யோ! கலக்கிட்டியே! யாரு நுவ்வு?"

"ஏழுமலையோட அக்கா."

"அதானே பாத்தேன்" என்றாள். என் கையிலிருந்த குடத்தில் கிண்ணத்தை விட்டு எடுத்து என்னிடம் நீட்டினாள். "குடி."

குடித்தேன். கரித்தது. தம்பி வீட்டுக் குழாய்த் தண்ணீர் அளவுக்கு இல்லை, ஆனாலும் துப்பவேண்டியிருந்தது.

"மேலாகக் கிண்ணத்தால எடுத்திருந்தா இனிப்பா இருந்திருக்கும். நீ அடில போய்க் கிளறிட்ட. இப்ப இது தெளிஞ்சு மேல வர நாளைக்கு ஆவும். தெருவுல இருக்கறவங்களுக்கு இன்னைக்கு ராத்திரி நான் என்ன பதில் சொல்லுவேன்? அக்காவும் தம்பியும் ஒரே மாதிரிதான் கீறீங்க! தண்ணியப் பாத்தா அடிவரைக்கும் போகாம இருக்க முடியாதா உங்களுக்கு?"

வாய்க்கு வாய் பதில் சொல்லியே பழக்கப்பட்டவள் நான். அன்று குடத்தை மணலில் இறக்கி வைத்துவிட்டு நின்றேன். மேட்டில் மூன்று நான்கு பெண்கள் குடங்களோடு வந்து நின்றார்கள். ரமணம்மா அவர்களிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. குடங்களைத் திருப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். திட்டியிருந்தால் தேவலை.

"உன் தம்பி போர் ஓட்டுறதுக்கு முன்னால என் ஃபில்டர் பாயிண்டும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் ரமணம்மா. "இறால் குட்டையும் காரணம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா அடியில இருந்ததை உறிஞ்சி மேல கொண்டாந்தது அவன் மோட்டார். இப்ப இந்த மேடு ஒண்ணுதான் பாக்கி. நாளைக்கு அவன் வண்டி வந்து ஓட்டினா இதுவும் போயிரும். அப்புறம் நாங்க எங்க போறது?"

திரும்பும் வழியில் வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ராத்திரி ரமணம்மா சொன்னதை ஏழுமலையிடம் எடுத்தேன். "அவ உங்கிட்டயும் ஓதிட்டாளா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு திருச்செங்கோட்டு வண்டி வந்துவிட்டது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரைக்கும் எங்கே துளை போட்டாலும் அது திருச்செங்கோட்டு வண்டியாகத்தான் இருக்கும். கம்பத்தை நிமிர்த்தினார்கள். ஏழுமலை குளித்து, நெற்றியில் நாமம் போட்டு, ஈசானிய மூலையில் அவன் குறித்து வைத்த இடத்தில் கல் நட்டு, மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழம் வைத்திருந்தான். கற்பூரம் காட்டினான். தேங்காய் உடைத்தான். சொம்பை என் கையில் கொடுத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ரமணம்மாவும் தெருப் பெண்களும் வந்து நின்றார்கள்.

"ஊத்துக்கா" என்றான்.

"ஏழுமலை, நான் ஊத்தமாட்டேன்."

"இன்னாக்கா வெளையாடற? வண்டி நிக்குது."

"வெளையாடல. நேத்து ரமணம்மா குழியில நான் அடிவரைக்கும் முக்கி, நல்ல தண்ணிய உப்பாக்கிட்டேன். அதே காரியத்தத்தான் நீ இங்க பண்ற. நான் குடத்தால பண்ணேன், நீ மோட்டாரால பண்ற."

"நைனா ஆயிரம் அடிக்குப் போனாரே, அப்ப மட்டும் ஊத்தினியே! எனக்குன்னா கசக்குதா?"

"அங்க கீழ தண்ணி இருந்துச்சு. இங்க கீழ கடல் கீதுடா!"

கத்திவிட்டேன். அவன் முகம் சிவந்தது. என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினான். பாதித் தண்ணீர் அவன் வேட்டியில் கொட்டியது. "நீ ஊத்தலன்னா போ. வசந்தா, நீ வா. நீ ஊத்து."

வசந்தா நகரவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் அவனை எதிர்த்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்க இந்த வருஷம் முழுக்கக் குடிச்சது கேன் தண்ணி இல்ல. அவங்க குழித் தண்ணி. நான்தான் எடுத்தாந்தேன். நேத்துக்கூட அதான் குடிச்சீங்க."

ஏழுமலை அவளைப் பார்த்தான். பிறகு வேலிப்பக்கம் பார்த்தான். ரமணம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். வண்டி ஓட்டுநர் கம்பத்தின் மேல் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஓட்டறதுங்களா, வேண்டாங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிப்போடுங்க. நீங்க காட்டற எடத்துல ஓட்டறதுதானுங்க நம்ம வேலை."

ஏழுமலை கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றான். சொம்பைச் சாய்ப்பான் என்றுதான் நினைத்தேன். குனிந்து அதைக் கீழே வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான். கம்பத்தை மடக்கி, வண்டியைத் திருப்பிக்கொண்டு போக அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் அந்தப் பெண்கள் வேலியை விட்டு நகரவில்லை.

பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சாப்பிடவும் எழுந்து வரவில்லை. மூன்று மணிக்கு எழுந்து, ஆட்களைக் கூப்பிட்டுவந்து பழைய போரின் மோட்டாரையும் குழாயையும் வெளியே இழுத்தான். கீழ் உப்பு மேலே ஏறாமல் துளையை அடைக்க, திங்கட்கிழமை டிராக்டரில் களிமண் வந்தது. உருண்டை உருண்டையாகப் பிடித்து அந்தத் துளையில் போட்டோம். நானும் வசந்தாவும் பிடித்தோம், அவன் போட்டான். ஒவ்வொன்றும் உள்ளே விழுந்து 'களுக்' என்றது. தண்ணீர் இருக்கிற சத்தம். எங்கள் ஊரில் மூடிய போர்களில் கல்லைப் போட்டால் பாறையில் இடிக்கிற சத்தம்தான் கேட்கும்.

"தண்ணி கீறப்பவே மூடறேன்க்கா" என்றான். "நைனா இருந்தா என்ன வெட்டிப் போட்டிருப்பாரு."

தேம்பித் தேம்பி அழுதான். நான் அவன் முதுகைத் தடவினேன். தண்ணீருக்காகத் தாலிக்கொடி முதல் அடகு வைத்த குடும்பம். தண்ணீர் இருக்கும் துளைக்கு மண் அள்ளிப் போடுவது உயிரோடு ஒருத்தரைப் புதைக்கிற மாதிரி இருந்தது. மேலே சிமென்ட் பூசி முடித்தபோது ரமணம்மா வேலியைத் தாண்டி வந்து பார்த்தாள். நன்றி என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. "இனிமே உப்பு போயிருமா?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அவளும் பதிலை எதிர்பார்க்கவில்லை போல. வசந்தாவைப் பார்த்து, "கேன்ல ஊத்தி ஒளிக்காத. குடத்தோடயே வீட்டுக்கு எடுத்துகினு போ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செவ்வாய் காலை, பஸ் ஏற்றிவிடும் முன்னால் ஏழுமலை என்னைப் பைக்கில் ஆற்று முகத்துக்குக் கூட்டிப்போனான். சுவர்ணமுகி கடலில் சேரும் இடம். சேரவில்லை. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு நீண்ட மணல் திட்டு. இந்தப் பக்கம் அசையாத தண்ணீர். அலை பெரிதாக வரும்போதெல்லாம் கடல்தான் திட்டைத் தாண்டி ஆற்றுக்குள் வந்தது. ஆற்றிலிருந்து ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகவில்லை.

"தள்ளறதுக்குத் தண்ணி இல்லக்கா ஆத்துல" என்றான். "மழைல வந்தாத்தான் கடலப் பின்னாடி தள்ளும்."

பாகாலா மலையில் பிறந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிற ஆறு. வழியெல்லாம் ஏரியாகவும் தடுப்பணையாகவும் போராகவும் நாம் பிடித்து வைத்துக்கொள்கிறோம். பிடித்து வைத்தது போதாமல் கீழேயும் உறிஞ்சிக்கொள்கிறோம். கடலோரத்து ஜனங்களுக்கு வந்து சேருவது இந்த அசையாத தண்ணீர்தான். திரும்பும் பஸ்ஸில் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் மேட்டு நிலத்தில் தண்ணீர் கிடைக்காமல் போகும், அவ்வளவுதான். நிலம் அப்படியே கிடக்கும், மழை பெய்தால் முளைக்கும். இங்கே தண்ணீர் இருந்துகொண்டே கெட்டுப்போகிறது, மண்ணையும் கெடுத்துவிட்டுப் போகிறது. எது பெரிய கஷ்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் பலமனேரிலிருந்து போகிறவன் ஒருத்தனுக்கும் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அங்கே நல்ல மழை. இந்த வருடம் ஏழுமலை மானாவாரியாகக் கேழ்வரகு தெளித்தான். வசந்தா நாயுடுபேட்டைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறாள். பொங்கல் கழிந்து போன் செய்தேன். வயலின் வெள்ளைப் பூப்பு பாதி கரைந்துபோச்சு என்றான். ரமணம்மாவின் ஃபில்டர் பாயிண்டை மறுபடி ஓட்டிப் பார்த்தார்களாம்.

"இன்னாச்சு?"

"உப்பு முன்னைக்குக் கம்மியா கீதுன்னு அது சொல்லுச்சு. ஒரு குடம் புடிச்சுக் கொண்டாந்து வீட்டு வாசல்ல வச்சிட்டுப் போச்சுக்கா."

"நீ குடிச்சுப் பாத்தியா?"

குடத்து மூடியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"இல்லக்கா" என்றான் ஏழுமலை. "காலைலருந்து பக்கத்துலயே உக்காந்துகினு கீறேன். பயமா இருக்குது."